அத்தை நடக்க ஒரு தெரு: வயதானவர்களுக்கு ஏற்றபடி நம் தெருவை மாற்றுவது எப்படி?

எங்கள் எதிர்வீட்டு அத்தைக்கு 78 வயது. மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து தினமும் காலையில் ஹரித்ராநதி தெப்பக்குளம் வரை நடந்து போவார். கரையில் நின்று கும்பிட்டுவிட்டு, வரும் வழியில் பால் வாங்கிக்கொண்டு, நாலு வீட்டில் நின்று பேசிவிட்டு வருவார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் அந்த நடையை நிறுத்திவிட்டார்.

நான் 29 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து 2021-ல் ஓய்வு பெற்றவள். அத்தைக்கு மூட்டுத் தேய்மானம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். அவரும் சொன்னபடி செய்தார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. மூன்று மாதம் கழித்து, "கால்ல அப்படி என்னதான் பண்ணுது அத்தை?" என்று கேட்டேன்.

"கால்ல ஒண்ணும் இல்லம்மா. போற வழியில உக்கார ஒரு எடம் இல்ல. முன்னாடி நாலு வீட்டுல திண்ணை இருந்துச்சு. இப்ப எல்லாரும் கம்பி போட்டு அடைச்சுட்டாங்க. பாதி தூரத்துல மூச்சு வாங்கினா நான் எங்க போய் உக்காருவேன்?"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறேன், மாத்திரை கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டு வாசலிலிருந்து பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் இந்த மூன்று வருடத்தில் எங்கள் தெருவில் செய்தவற்றையும், செய்து பார்த்துக் கைவிட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் தெருவில் யாராவது ஒருவர் தொடங்கினால் போதும். பணம் அதிகம் தேவைப்படாது, ஆனால் பொறுமை நிறைய வேண்டும்.

முதலில் ஒருவரோடு நடந்து பாருங்கள்

சங்கம் அமைப்பது, கூட்டம் போடுவது எல்லாம் பிறகு. உங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் முன்பு போய்க்கொண்டிருந்து இப்போது நிறுத்திய இடம் எது என்று கேளுங்கள். கோயிலாக இருக்கலாம், ரேஷன் கடையாக இருக்கலாம், தங்கச்சி வீடாக இருக்கலாம். அந்த இடத்துக்கு அவரோடு நடந்து போங்கள், அவர் வேகத்தில். முன்னால் போகாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அரையடி பின்னால் நடந்தால்தான் அவர் கால் எங்கே தயங்குகிறது என்பது தெரியும்.

ஒரு சாக்கட்டியும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது மூன்று விஷயம்: எங்கே நிற்கிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார், எங்கே தலையைக் குனிந்து தரையைப் பார்த்து நடக்கிறார். அந்தந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம் போட்டேன். அத்தை வீட்டிலிருந்து குளக்கரைக்கு என் நடையில் 410 தப்படி. அதில் பதினோரு வட்டம் விழுந்தது.

முதல் வட்டம் அவர் வீட்டு வாசலிலேயே விழுந்தது. சாலையை மேல மேல போட்டு உயர்த்திவிட்டதால் வாசல்படி பள்ளத்தில் கிடக்கிறது. படியிலிருந்து சாலைக்கு ஏற ஒரு முழம். அத்தை இடது கையால் கேட்டைப் பிடித்து, வலது கையை முழங்காலில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினார். அந்தக் கேட்டின் கீல் தளர்ந்திருந்தது. அவர் பிடித்ததும் அது அரையடி வெளிப்பக்கம் ஆடியது. அந்த ஆட்டத்தோடு ஆட்டமாகத்தான் அவர் ஏறுகிறார். தினம் அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அது அவருக்குக் கைப்பிடி என்பது அப்போதுதான் தெரிந்தது. கொத்தனாரும் ஒரு மூட்டை சிமென்ட்டும் வருவதற்கு முன்னால், அன்று சாயங்காலமே கீலை முறுக்கிக் கொடுத்தோம்.

அதே வழியை இருட்டிய பிறகும் ஒரு தடவை நடந்து பாருங்கள். காலையில் தெரியாத குழி ராத்திரியில் தெரியும். மழை பெய்த மறுநாளும் நடங்கள்.

உட்கார இடம்

எங்கள் தெருவில் எதை முதலில் செய்தோம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

நம் ஊரில் இதற்குத் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் யாரென்று கேட்காமல் உட்கார வைத்த இடம் அது. வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் போவது அதுதான். வண்டி நிறுத்த இடம் வேண்டும், திருட்டுப் பயம் இருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆகவே திண்ணை வைத்திருப்பவர்களிடம் போய், "காலையில் ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு, இந்த நேரத்தில் மட்டும் கம்பிக் கதவைத் திறந்து வையுங்கள்" என்று கேட்டோம். மூன்று வீட்டில் கேட்டதில் இரண்டு வீட்டில் சரி என்றார்கள்.

திண்ணை இல்லாத இடத்தில் பெஞ்சு போட்டோம். முதல் பெஞ்சில் தவறு செய்தோம். கடப்பாக்கல் பலகையை இரண்டு கால் மேல் வைத்துவிட்டோம். பார்க்க நன்றாக இருந்தது. உயரம் ஒரு அடிதான். உட்கார்ந்த அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை. பலகையைப் பிடித்து உன்ன முயன்றார், வழுக்கியது. நானும் பால்காரத் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டோம். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்ததைக் கொத்தனாரிடம் அளவு சொல்லிச் செய்தோம். உட்காரும் பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர். சாய்ந்துகொள்ள முதுகு. இரண்டு பக்கமும் கை ஊன்றி எழ வசதியாக, பலகைக்கு மேல் முக்கால் அடி உயரத்தில் கைப்பிடி. பலகைக்கு அடியில் அடைப்பு இருக்கக் கூடாது. எழும்போது குதிகாலைப் பின்னால் இழுக்க இடம் வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள், கால் தானாகப் பின்னால் போகும். மர நிழல் இருந்தால் நல்லது. எங்கள் பெஞ்சு ஒன்று புங்க மரத்தடியில் இருக்கிறது, வைகாசி வெயிலிலும் ஆள் இருப்பார்கள். கல்லோ இரும்போ வெயிலில் சுடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரத்துக்கு ஒன்று? உங்களோடு நடந்தவர் எத்தனை தப்படியில் முதல் முறை நிற்கிறாரோ அதற்குச் சற்று முன்னால். அத்தை 120 தப்படியில் நின்றார். நாங்கள் நூறுக்கு ஒன்று என்று வைத்தோம்.

"பெஞ்சு போட்டால் ராத்திரி குடித்துவிட்டு வந்து உட்காருவார்கள்" என்று எதிர்ப்பு வரும். எங்களுக்கும் வந்தது. அந்தப் பயம் பொய்யில்லை, அதனால் அதை ஒதுக்கித் தள்ளாதீர்கள். காலிமனை ஓரத்தில் போடாமல், யாராவது எப்போதும் வாசலில் இருக்கும் வீட்டுக்கு எதிரிலோ, இஸ்திரிக் கடைப் பக்கத்திலோ போடுங்கள். மேலே ஒரு விளக்கு எரியட்டும். எதிர்த்துப் பேசிய அண்ணன் வீட்டு வாசலுக்கே ஒரு பெஞ்சு போனது. இப்போது சாயங்காலம் அவரும் அதில்தான் பேப்பர் படிக்கிறார்.

சாலை, படி, சாக்கடை மூடி

சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். உங்கள் தெருவில் ஜல்லி வந்து இறங்கும் நாளில் அதைச் சொல்லுங்கள். போட்டு முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வாசலுக்குச் சரிவு வைப்பதானால் கணக்கு எளிது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அரையடி உயரம் என்றால் ஆறடி நீளச் சரிவு. இடமில்லை என்று மூன்றடியில் முடித்தால் அது சறுக்கு மரம். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இடம் இல்லாத வீட்டில் சரிவு வேண்டாம். உயரமான ஒரு படியை இரண்டு தாழ்ந்த படியாக்கி, பக்கத்தில் ஒரு குழாய்க் கம்பியைச் சுவரில் பதித்துவிடுங்கள். படியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு ஒரே நிறப் படிகள் எல்லாம் ஒரே தரையாகத் தெரியும்.

ஆடுகிற சாக்கடை மூடிக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கல் ஆடும் ஓசை கேட்டாலே அவர்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள், நடுச்சாலையில் இறங்கி நடப்பார்கள். எங்கள் தெருவில் ஏழு கல் ஆடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்கள் நான்கு பேர் சேர்ந்து சிமென்ட் கலவை வைத்து அமர்த்திவிட்டார்கள். இரண்டு கல் உடைந்தே போயிருந்தது, அதற்கு மட்டும் மனு கொடுத்தோம்.

பெரிய சாலையைக் கடப்பது வேறு சங்கடம். சிக்னல் நேரம் கணக்கிடும்போது ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் 12 மீட்டர் சாலையைப் பத்து நொடியில் கடந்துவிடலாம். அத்தைக்குப் பதினேழு நொடி ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த ஏழு நொடியில் இரண்டு பைக்கும் ஒரு மினி பஸ்ஸும் ஹாரன் அடித்தன. கவுன்சிலரிடம் "வயதானவர்கள் சிரமப்படுகிறார்கள்" என்று சொன்னபோது தலையாட்டினார். "பதினேழு நொடி, பத்து நொடி" என்று எண் சொன்னபோதுதான் பேனாவை எடுத்தார். வேகத்தடை வந்தது, அதற்கு வெள்ளைக் கோடும் அடித்தார்கள்.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு குறை மட்டும். விளக்கு எரியவில்லை, நாய் தொல்லை, குப்பை என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்றும் நடக்காது, ஏனென்றால் அந்தத் தாள் எந்த மேசைக்குப் போவது என்றே யாருக்கும் தெரியாது. விளக்கென்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள். போட்டோ ஒன்று ஒட்டுங்கள். ஏற்புச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நகரமென்றால் வார்டில் நடக்கும் பகுதி சபாவில் வையுங்கள். கிராமமென்றால் வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானமாக எழுத வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்கும் பேசலாம்.

எங்கள் மனுக்களை எழுதுவது டைப்ரைட்டிங் நிலையம் நடத்திய ஒரு மாமா. 81 வயது. கை நடுங்கும், ஆனாலும் வாசகம் பிசகாது. அவர் சொல்லச் சொல்ல ஒரு கல்லூரிப் பெண் போனில் அடிப்பாள்.

யாரும் வாய் திறந்து சொல்லாத காரணம்

பெண்கள் வெளியே போவதை நிறுத்துவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இருபது வருடம் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். எனக்கே ஒரு பெரியம்மா காதோடு காதாகத்தான் சொன்னார். அவசரம் வந்தால் ஒதுங்க இடமில்லை.

ரத்த அழுத்தத்துக்கும் இதய வீக்கத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருப்பார்கள். சர்க்கரை இருந்தாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஆகவே கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் தலைசுற்றலும் வருகின்றன. தலை சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு. நான் பார்த்த பல இடுப்பெலும்பு முறிவுகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், எங்கோ ஒரு கழிப்பறை இல்லாதது தெரியும்.

செய்யக்கூடியது இரண்டு. மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பல நேரம் முடியும். தாமாக நிறுத்தக் கூடாது. இன்னொன்று தெருவில் செய்ய வேண்டியது. அவர்கள் போகும் வழியில் கீழ்த்தளத்தில் கழிப்பறை உள்ள வீடுகள், கடைகள் எவை என்று பார்த்து, அந்த வீட்டுப் பெண்களிடம் மட்டும் பேசுங்கள். "இன்னின்ன நான்கு பேர் வந்தால் கேள்வி கேட்காமல் உள்ளே விடுங்கள்" என்றால் போதும். நாங்கள் மூன்று இடம் பிடித்தோம்: ஒரு தையல்கடை, ஒரு டீச்சர் வீடு, ஒரு மெடிக்கல் ஷாப். பலகை எதுவும் மாட்டவில்லை, எழுதியும் ஒட்டவில்லை. பெரியம்மாக்களுக்கு வாய்மொழியாகத் தெரியும். இது தெரிந்த அடுத்த வாரமே இரண்டு பேர் ராஜகோபாலசுவாமி கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள்.

வீட்டுக்குள்

குளியலறைதான் முக்கியம். சுவரில் பிடிப்புக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்தால் திருகோடு பிடுங்கிக்கொண்டு வரும். தரை சொரசொரப்பாக இருக்கட்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும், அல்லது உள்ளே தாழ் போட வேண்டாம் என்று பழக்குங்கள். ராத்திரி கட்டிலிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான்.

கோலம் பார்ப்பது

எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் ஒன்பது பேர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தினமும் போன் வரும். ஆனால் காலை ஐந்து மணிக்குக் குளியலறையில் விழுந்தவரைப் போனில் தூக்க முடியாது.

தினம் கதவைத் தட்டி "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "என்னை என்ன நோயாளின்னு நினைச்சியா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் சரிதான். அப்புறம் அவர்களே சொன்ன ஏற்பாடு இது: ஏழு மணிக்குள் வாசலில் கோலம் விழுந்திருந்தால் எல்லாம் நலம். பெரிய கோலம் வேண்டாம், நாலு புள்ளி, ஒரு சுழி போதும். குனிய முடியாதவர்கள் நின்றபடியே ஒரு கோடு இழுக்கிறார்கள். கோலம் போடாத வீடுகளில் வாசல் விளக்கை அணைப்பது அடையாளம். தாத்தா மட்டும் இருக்கும் வீட்டில் பால் பாக்கெட்டை எடுப்பது அடையாளம். பேப்பர் போடும் பையன், பால்காரத் தம்பி, எதிர்வீடு, இந்த மூன்று பேரில் யார் முதலில் கவனித்தாலும் கதவைத் தட்ட வேண்டும். துக்க வீடு, ஊருக்குப் போயிருப்பது போன்றவற்றை எதிர்வீட்டில் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் ஏழேகால் வரை ஒரு வாசல் வெறுமையாக இருந்தது. பேப்பர் பையன்தான் கவனித்தான். மாற்றுச்சாவி எதிர்வீட்டில் இருந்தது. உள்ளே அந்த அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் ஸ்கேன் எடுக்கும் நேரம் போக வேண்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள், மாத்திரை கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி ஆம்புலன்சில் கொடுங்கள். நாங்கள் கொடுத்தோம். அக்கா இப்போது இடது கையால் கோலம் போடுகிறார்.

மாற்றுச்சாவியை இரண்டு வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள், பிள்ளைகளின் எண், ஒத்துக்கொள்ளாத மருந்து இவற்றை ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மறதி நோய் உள்ளவர் இருந்தால் சட்டைக் காலரின் உள்பக்கம் போன் எண் எழுதிய துணியைத் தைத்துவிடுங்கள். டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் அவர் போட்டோவைக் காட்டி, "இவர் தனியாகப் போனால் ஒரு டீ கொடுத்து உட்கார வையுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவையுங்கள்.

காகிதமும் உரிமையும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒவ்வொன்றையும் வீடு வீடாகக் கேட்டுச் சரிபாருங்கள்.

முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று உங்கள் பகுதிச் செவிலியரிடம் கேளுங்கள். ரேஷன் பொருளை வயதானவர்கள் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கைரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே அடிப்படை வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டது. ஒரு கிளையில் எங்களிடம் "அப்படி ஒன்றும் இல்லை" என்றார்கள். மேலாளரிடம் எழுத்தில் கேட்டோம், மறுவாரம் ஆள் வந்தார். மத்திய அரசு ஓய்வூதியர்களின் நவம்பர் மாத உயிர்ச்சான்றைத் தபால்காரரே வீட்டில் வந்து எடுத்துக்கொடுப்பார். முதியோர் உதவி எண் 14567. திட்டுவது, பட்டினி போடுவது, அடிப்பது போன்ற எதற்கும் கூப்பிடலாம்.

சொத்து விஷயத்தில் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். "என் பிள்ளையிடம் போய் அப்படி எழுதுவதா" என்பார்கள். எழுதாமல் விட்டுப் பின்னால் அழுத இரண்டு தாயார்களை நான் அறிவேன். நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரி உறுத்தாது.

புயலுக்கு முன் ஒரு பட்டியல்

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் தென்னையும் மின்கம்பமும் சேர்ந்து விழுந்தன. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் இல்லை. போன் இல்லை. அந்த நாள்களில் நான் பார்த்த வீடுகளில் பெரியவர்களுக்கு இரண்டு பிரச்சினை: இன்சுலின் வைக்கக் குளிர் இல்லை, மாத்திரை தீர்ந்துபோனது. மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, உள்ளே ஒரு டப்பாவில் இன்சுலினை வைத்துச் சமாளித்தோம்.

இப்போது புரட்டாசி பிறந்ததும் ஒரு தாள் எழுதுகிறோம். யாரால் தனியாக நடக்க முடியாது, யாருக்கு இன்சுலின், யாருக்குக் காது கேட்காது, யார் வீடு ஓடு, யாரை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது. கடைசி விஷயத்தை அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். சண்டைபோட்டுப் பேசாமல் இருக்கும் வீட்டுக்குப் போகச் சொன்னால் புயலிலும் போக மாட்டார்கள். பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்கிறோம்.

அவர்களிடம் வேலை கேளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் முதியோருக்கு ஏற்ற நகரங்கள் பற்றி ஒரு கையேடு போட்டது. டெல்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் வயதானவர்களையே கூப்பிட்டுக் கேட்டு எழுதியது. சாலை, பேருந்து, வீடு, மருத்துவம் என்று போகும் எட்டுத் தலைப்புகளில், மதிப்பும் சேர்த்துக்கொள்ளலும் ஒன்று, பங்கெடுப்பும் வேலையும் ஒன்று. நாங்கள் இந்த இரண்டையும் கடைசியாகத்தான் கவனித்தோம். முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நாங்களே எல்லாம் செய்து கொடுத்தோம். அவர்கள் நன்றி சொன்னார்கள், ஆனால் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது. வாங்கிக்கொண்டே இருப்பது பெரியவர்களுக்குச் சுமை. டைப்ரைட்டிங் மாமாவிடம் மனு எழுதக் கேட்டதும் அவர் ஷேவிங் செய்துகொள்ளத் தொடங்கினார். இதை அவர் மருமகள்தான் எனக்குச் சொன்னாள். ஒரு பெரியம்மா, வேலைக்குப் போகும் மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துக்கொள்கிறார். வீட்டுப்பாடம் அவருக்குத் தெரியாது. சுண்டல் கொடுத்து, எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பார். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அவருக்கு மருந்து வாங்கி வருகிறார்கள். யார் யாருக்கு உதவி என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கூப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். எல்லாரையும் பாட்டி, தாத்தா என்று கூப்பிடாதீர்கள். எங்கள் தெருவில் 74 வயதான ஒருவர் எல்லாருக்கும் டீச்சர்தான். அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அத்தை இப்போது வாரத்தில் நாலைந்து நாள் குளக்கரைக்குப் போகிறார். முழுத் தூரமும் போகாத நாள் உண்டு. புங்க மரத்தடியில் உட்கார்ந்து, யாராவது பால் வாங்கி வந்து கொடுக்க, திரும்பி வருவார். பதினோரு வட்டத்தில் எட்டு அழிந்துவிட்டது. மூன்று பாக்கி: ரேஷன் கடை முக்கில் உடைந்த மதகு, குளக்கரைப் படியில் கைப்பிடி, இருட்டில் கூட்டமாக நிற்கும் நாய்கள். மதகுக்கு மனு கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்கியாகிவிட்டது. நாய்களுக்குக் கருத்தடை செய்யக் கேட்டு அடுத்த பகுதி சபாவில் பேச வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பக்கத்துத் தெருவில் நடக்கப்போகிறோம். அங்கே 83 வயதில் ஒரு ஆச்சி, தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். தங்கச்சி வீடு 260 தப்படி. சாக்கட்டியை அத்தையே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.